நேராக வைத்து எடுத்த படங்கள்

எங்கள் ஸ்கேன் பிரிவில் அவளுக்குச் சிலை என்று பெயர். ஆள் சிலை மாதிரி இருப்பாள் என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். குள்ளம், பூசின உடம்பு, நடந்து வந்தால் செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்கும். எப்பேர்ப்பட்ட வாண்டையும் சிலையாக்கிப் படுக்க வைத்துவிடுவாள், அதனால் வந்த பெயர்.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற குழாய்க்குள் ஒரு குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. உள்ளே இடிக்கிற சத்தத்தில் பெரியவர்களே கத்திக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். சிலைக்கு அது பிடிக்காது. தலையை நட்டநடுவில் நேராக வைப்பாள். காதுக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு, நெற்றிக்கு மேல் ஒரு பட்டை. அப்புறம் குனிந்து கேட்பாள், “இப்ப நீ சிலை. சிலைக்கு மூக்கு அரிக்குமா?”

“அரிக்காது.”

“சிலை திரும்பிப் பார்க்குமா?”

“பார்க்காது.”

அவ்வளவுதான், வேலை முடிந்தது. அவள் எடுத்த படத்தை டாக்டர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், அப்படி ஒரு தெளிவு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் அதே பிரிவில் நர்ஸ். கையில் ஊசி ஏற்றுவது என் வேலை, பிள்ளைகள் என்னைப் பார்த்ததுமே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழ வைப்பது நான், அழுகையை நிறுத்துவது அவள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, வாடி போடி என்று பேசியே காலம் ஓடிவிட்டது.

அம்மா போன பிறகு அவள்தான் தம்பியைத் தூக்கி வளர்த்தாள். அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த ஆள் கொஞ்ச நாளிலேயே வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டான். “போனா போறான், இருந்திருந்தா அவனுக்கும் சேர்த்துத் துவைச்சிருக்கணும்” என்றாள். அதற்கு மேல் அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். தம்பி வீடுகளுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவன். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அக்கா சொல்லிவிட்டால் மட்டும் மறுபேச்சு இருக்காது. மழை வராது என்று அக்கா சொன்னால், நனைந்துகொண்டே ‘வரவில்லை’ என்பான்.

அவனுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. வாலு என்று கூப்பிடுவார்கள், பொருத்தமான பெயர். என்னைக் கண்டு பயப்படாத ஒரே குழந்தை அதுதான். “அத்தை, இந்த ஊசிக்கார அத்தை ஏன் எப்பவும் உர்ருன்னு இருக்காங்க?” என்று என் எதிரிலேயே கேட்கும்.

அந்தக் குழந்தைக்குத்தான் வந்தது. ஒருநாள் வகுப்பில் தலை சுற்றி வாந்தி எடுத்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து படுத்து எழுந்ததும் சரியாகிவிட்டது. மறுவாரம் மறுபடியும். அதற்கப்புறம் அடிக்கடி. வயிறு என்றார்கள், கண் என்றார்கள், காலையில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றார்கள். கண்ணாடி கூட வாங்கி மாட்டிவிட்டார்கள், அதைப் போட்டுக்கொண்டும் விழுந்தது.

கடைசியில் தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். சிலைதான் எடுத்தாள். வாலு கூட அவள் கையில் சிலையாகிவிட்டது. மூளை சுத்தம். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்களும் சுத்தம். வலது பக்கத்துக் குழாய் நன்றாகப் பருத்து, இடது பக்கத்தது ஒல்லியாக இருந்தது. அது பிறவியிலேயே பலருக்கு அப்படித்தான் இருக்கும். அறிக்கை எழுதும் டாக்டரும் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்.

அன்று மாலை அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். சிலை செருப்பைக் கூடக் கழற்றவில்லை. “தலைக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்குடா. ரத்தக்குழாய்ல ஒரு சுருக்கம் கிடையாது. நானே என் கண்ணால பார்த்தேன். பயப்படாதே” என்றாள். அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்த நல்ல வார்த்தை என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். அக்கா ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள், அப்படியானால் இது நடிப்பு என்று தம்பி முடிவு கட்டிவிட்டான். அதற்கு அவனிடம் கணக்கும் இருந்தது. “பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல மட்டும் தலை சுத்துது. லீவு நாள்ல ஏன் சுத்த மாட்டேங்குது? மணி அடிச்சா சரியாயிடுதுன்னு டீச்சரே சொல்றாங்க.”

“வாந்தியை எப்படிங்க நடிக்க முடியும்?” என்று அவன் மனைவி கேட்டாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், அதிகம் பேசாதவள். அவள் கேட்டதுதான் கேள்வி. அவள் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஒரு காலைநேரம் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டது. தம்பிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். முகம் அப்படியே ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது என்று அவன் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டே போன குழந்தை, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. கை சொன்ன இடத்துக்குப் போகவில்லை. பேச்சு குழறியது. எழுந்து நின்றால் கால் கோணியது.

இந்தத் தடவையும் சிலைதான் படம் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். திரையில் பின்பக்கத்து மூளை வந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. சிறுமூளையில் இரண்டு இடத்தில் ரத்தம் போகாமல் செத்துப்போன திட்டுகள். ஒன்று புதுசு, இன்னொன்று கொஞ்சம் பழசு. முதல் ஸ்கேனுக்குப் பிறகு எப்போதோ வந்துபோயிருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் பக்கவாதம்தான், ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்திருக்கிறது. ஆனால் ரத்தக்குழாய்? இப்போதும் அதே சுத்தம். “எங்கேருந்துடி வருது? எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எங்கேருந்து வருது?” என்று சிலை திரையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளின் மூளை நரம்பு பார்க்கும் டாக்டர் எங்களிடம் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வார்த்தைக் கஞ்சன். ‘ம்’ என்று ஒரு எழுத்தில் முடிகிற இடத்தில் ‘சரி’ என்று இரண்டு எழுத்தைச் செலவழிக்க மாட்டார். இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ரத்தம் உறையும் தன்மையைப் பார்த்தார், கோளாறு இல்லை. தலைகீழாக நின்று பார்த்தும் காரணம் மட்டும் பிடிபடவில்லை. “காரணம் தெரியாம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அடுத்தது மூச்சை நடத்துற இடத்துல விழுந்தா...” என்றார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

இரண்டு நாள் கழித்து, வார்டில், அவர் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். “பள்ளிக்கூடத்துல மட்டும்தான் வருதா?”

தம்பி மென்று முழுங்கினான். “ஆமாங்க. அதனாலதான் நான்...”

டாக்டர் அவனை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தார். கட்டில் மேசையில் இருந்த பஞ்சுச் சுருள்களையும் மருந்துப் பெட்டிகளையும் அதன் பக்கம் தள்ளினார். “உன் கிளாஸை எனக்குக் கட்டிக் காட்டு.”

குழந்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. நல்ல கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. குழறிக் குழறிச் சொன்னது. இது போர்டு, இது டீச்சர், இது பெஞ்சு. பேசிக்கொண்டே இருந்ததால் டீச்சர் இடம் மாற்றிவிட்டார்களாம். முதல் வரிசையில் வலது கோடி, சுவரை ஒட்டி. போர்டு அந்தப் பக்கத்துக் கோடியில். அங்கே உட்கார்ந்தால் எப்படிப் பார்க்க வேண்டும் தெரியுமா, இப்படி என்று காட்டுவதற்காகத் தலையை இடது பக்கம் திருப்பப் போனது.

ஸ்டூல் உருண்டு விழுந்த சத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் பாய்ந்து இரண்டு கையாலும் குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “திரும்பாதே கண்ணு. என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு.”

அந்த மனுஷன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கழுத்துப்பட்டை வரும்வரை அவர் தாடையை விடவில்லை. பட்டையை மாட்டிய பிறகு வெளியே வந்து, வாழ்நாளில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தார். சிலருக்குக் கழுத்து எலும்பின் அமைப்பில் கோளாறு இருக்கும். தலை நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் திரும்பும்போது மேலிரண்டு எலும்புகளுக்கு நடுவில் குழாய் நசுங்கும், பின்மூளைக்கு ரத்தம் நிற்கும். மறு பக்கத்துக் குழாய் ஒல்லி என்றால் ஈடு கட்ட முடியாது. நசுங்கி நசுங்கிக் குழாயின் உள்சுவர் புண்ணாகி, அங்கே ரத்தம் கட்டிதட்டி, அந்தக் கட்டி மேலே போய் அடைக்கும். குழந்தைகளுக்கு வருவது அபூர்வம். “படிக்கிற காலத்துல ஒரு பையனைப் பார்த்தேன். கண்டுபிடிக்கிறதுக்குள்ள போயிட்டான்” என்றார். இவளுக்கும் அதுதானா என்று தெரிய வேண்டுமானால், தலையைத் திருப்பி வைத்துப் படம் எடுக்க வேண்டும்.

“தலையைத் திருப்பியா?” என்றாள் சிலை. “அப்படி யாரும் எடுக்க மாட்டாங்களே டாக்டர். தலை நேராத்தான்...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். “நான் எடுத்த படம் எல்லாத்துலயும் அவ நேராப் படுத்திருக்கா” என்றாள்.

அவள் மேல் என்ன தப்பு? உலகம் முழுக்க அப்படித்தான் எடுக்கிறார்கள். நேராக வை, அசையாமல் வை, இதைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அதை மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்தாள், அவ்வளவுதான். இதை நான் அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதில் ஏறினால்தானே.

சோதனையிலும் ஆபத்து இருந்தது. எந்தத் திருப்பத்தில் ரத்தம் நிற்கிறதோ, அதே திருப்பத்தை நாமே வேண்டுமென்று செய்து பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்த பிள்ளை தலை சுற்றுகிறது என்று சொல்லப் போவதில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்த நொடியில் நேராக்கிவிட வேண்டும். தம்பியும் மனைவியும் சம்மதம் சொன்னார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்.

சாதாரண ஸ்கேன் போல இல்லை, இந்த மாதிரிச் சோதனையில் சொந்தக்காரர்கள் என்றால் மேசைப் பக்கமே வரக்கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். சிலை போய் டாக்டர் முன்னால் நின்றாள். “படம் நான்தான் எடுப்பேன்.”

“கை நடுங்குமா?”

“நடுங்காது.”

“நடுங்கினா வெளியே போயிடணும்” என்றார். சட்டம் அத்தோடு சரி.

தொடை வழியாக மெல்லிய குழலை விட்டு, வலது கழுத்துக் குழாயின் வாசலில் நிறுத்தினார்கள். சாயம் செலுத்தினால் ரத்தம் ஓடுவது திரையில் கறுப்பாகத் தெரியும். பழக்க தோஷம், சிலை பஞ்சுத் திண்டை எடுத்து ஒரு காதுப் பக்கம் வைத்துவிட்டாள். பிறகு அவளே எடுத்துக் கீழே போட்டாள். நேராக ஒரு படம். கறுப்புக் கோடு தடங்கல் இல்லாமல் ஏறி மூளைக்குள் கிளை விரித்தது.

“இப்ப” என்றார் டாக்டர். குழந்தையின் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, இடது பக்கம் கொஞ்சமாகத் திருப்பினார். கோடு ஓடியது. இன்னும் கொஞ்சம். ஓடியது. இன்னும் கொஞ்சம். மேல் எலும்புக்குக் கீழே கோடு இளைத்தது, நூலானது, பிறகு ஒன்றுமே இல்லை. எலும்புக்கு மேலே திரை வெறிச்சென்று இருந்தது.

“நேராக்குங்க! டாக்டர், நேராக்குங்க!” என்று சிலை கத்தினாள்.

அவர் ஏற்கெனவே நேராக்கிவிட்டிருந்தார். கோடு தயங்கி, நுழைந்து, மறுபடியும் கிளை விரித்தது. என் முகமூடி உள்ளே நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. படங்கள் அத்தனையும் பதிவாகியிருந்தன, ஒன்று கூடக் கலங்கவில்லை. அவள் வெளியே போய், கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்து, கழுத்துப்பட்டையோடு கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். மேலிரண்டு எலும்புகளையும் திருகு போட்டு இணைத்துவிட்டார்கள். இனி அந்தக் கழுத்து முன்புபோலத் திரும்பாது, பாதிதான் திரும்பும். குழாய் நசுங்காது. கையும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வரும், முழுசாக வருமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்கள்.

சிலை இன்றும் பிள்ளைகளை நேராகத்தான் படுக்க வைக்கிறாள். ஆனால் தலைசுற்றல் என்று எழுதி வருகிற குழந்தையின் அம்மாவிடம், எந்த நேரத்தில் வருகிறது, அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெளியே வரிசை நீளும். நான் கத்துவேன், அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள். படம் எடுத்து முடித்த பிறகு, “நல்லா இருக்குல்ல மேடம்?” என்று யாராவது கெஞ்சினால், “நேரா வச்சு எடுத்த வரைக்கும் நல்லா இருக்கு, மீதி டாக்டர் சொல்லுவார்” என்பாள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

பகல் நேரம். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் சிலையும் நானும் உட்கார்ந்திருந்தோம். தம்பி மனைவி உள்ளே இருந்தாள். தம்பி வந்து அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எத்தனையோ நாளாகச் சவரம் செய்யாத முகம். கண்ணாடி அறுத்து அறுத்துத் தழும்பேறிய கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, நான் அடிச்சதுனாலயா?”

இல்லை என்று சொல்லிவிடடி என்று கண்ணால் ஜாடை காட்டினேன். ஒரு ‘இல்லை’ சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? டாக்டரே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தைக்கும் எதுவும் தெரியாது. அவன் மிச்சக் காலத்தை நிம்மதியாக ஓட்டிவிட்டுப் போகட்டுமே.

சிலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியலடா” என்றாள். “அன்னைக்கு முகம் திரும்பினதுல கூட ஒரு கட்டி கிளம்பியிருக்கலாம். கிளாஸ்ல திரும்பி உட்கார்ந்ததுலயும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியல.”

அவன் விரித்த கையை மூடிக்கொண்டான்.

“நல்லா இருக்குன்னு நான் சொன்னதை நம்பித்தானே அடிச்சே? அதையும் சேர்த்துக்கோ. நீ பாதி, நான் பாதி.”

அவன் அழுதான். நெஞ்சு கிழிகிற மாதிரி, வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பார்க்க அழுதான். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி, இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று எழுந்து போய்விடப் பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவன் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் நிமிர்ந்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இனிமே வராதில்லக்கா?”

“அந்தக் குழாய் இனிமே நசுங்காதுடா. காலையில திரும்பவும் படம் எடுத்தேன், அந்தக் கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருப்பி வச்சு எடுத்தேன். ரத்தம் நிக்காம ஓடுது.”

அவன் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “சரிக்கா” என்றான். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, மகளைப் பார்க்க உள்ளே போனான்.